சுஜின் பேருக்கு ஒரு கடை

என் தம்பி சுஜின் செத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது. முலுண்டுக்கு வேலைக்குப் போகும்போது ஓடுகிற லோக்கல் ரயிலிலிருந்து விழுந்துவிட்டான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். நான் வைத்துக்கொள்வதில்லை. எனக்கு அழுகை வருவதில்லை, வராததைப் பற்றிக் கவலையும் வருவதில்லை. கோபம் மட்டும் வேளாவேளைக்கு வருகிறது. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பில் போடுகிறேன். அங்கே கோபப்பட்டால் வேலை போய்விடும் என்பதால் அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறேன்.

வீடு தாராவியில், ஏணிப்படி வைத்த மாடி அறை. அப்பா சந்தியாகு செம்பூரில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட்மேன். அம்மா இருதயமேரி சயனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மூன்று பேரும் காலையில் கிளம்பிப் போகிறோம், சாயங்காலம் திரும்பி வருகிறோம். சாப்பிடுகிறோம். அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

சுஜின் போனில் விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டுக்கு மேளா டவுன் என்று பெயர். சுடுவது வெட்டுவது எதுவும் அதில் கிடையாது. கடலோரமாக ஒரு பெரிய சந்தை. யார் வேண்டுமானாலும் ஒரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு அங்கே நடமாடலாம், மணலில் இடம் பிடித்துக் கடை போடலாம். இவன் குடைக்கடை போட்டிருந்தான். அந்த ஊரில் மழையே பெய்யாது. கூட்டாளிகள் எல்லாம் கேலி செய்தார்கள், இவன் கேட்கவில்லை. வருகிறவர்களுக்குக் குடையைச் சும்மாவே கொடுத்தான். அதனால் அந்தச் சந்தையில் பாதிப் பேர் வெயிலும் மழையும் இல்லாமல் குடை பிடித்துக்கொண்டு அலைந்தார்கள்.

அதில் ஒரு வசதி இருந்தது. கடைக்காரன் தன் குரலைப் பதிந்து வைக்கலாம். அவன் விளையாட வந்தாலும் வராவிட்டாலும், யாராவது கடை முன்னால் வந்து நின்றால் அந்தக் குரல் கூப்பிடும். சுஜின் பதிந்து வைத்தது இதுதான்: "ஆவோ ஜி ஆவோ! எய்யா, வாங்க. சும்மா பாத்துட்டுப் போங்க, துட்டு வேண்டாம்."

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் இது அப்பாவுக்குத் தெரியவந்தது. சொன்னவன் அபுதாஹிர். எங்கள் சந்துக்காரன், சுஜினோடு படித்தவன், இருவரும் ஒன்றாகத்தான் அந்த மணலில் இடம் பிடித்தார்கள். அப்பாவின் போனிலேயே மேளா டவுனைப் போட்டு, அவருக்குச் சிவப்புத் தொப்பி வைத்த ஒரு உருவத்தையும் வாங்கிக்கொடுத்து, குடைக்கடை வரைக்கும் எப்படி நடக்க வேண்டும் என்று காட்டினான். அப்பாவின் தொப்பிக்காரன் கடை முன்னால் போய் நின்றதும், "எய்யா, வாங்க" என்றான் என் தம்பி. அப்பா போனைக் கீழே போட்டுவிட்டார். பிறகு எடுத்துத் துடைத்து, ஒரு எட்டுப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தார். மறுபடியும் கூப்பிட்டான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்து கைகால் கழுவியதும் அப்பா கடைக்குப் போவார். அப்படித்தான் சொல்வார், "கடைக்குப் போயிட்டு வந்துருதேன்" என்று. போவது எங்கேயும் இல்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வேலை நேரத்தில்கூட ஆசை தாங்காமல், லிஃப்டுக்குள் டவர் கிடைக்காது என்று மேல் மாடியில் போய் லிஃப்டை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார். கீழே யாரோ பெரிய ஆபீசர் காத்துக்கொண்டு நின்று, அப்பா வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எவன் போய் நின்றாலும் அந்தக் குரல் இதையேதான் சொல்லும். அப்பாவுக்கும் அது தெரியும். ஒருநாள் நான் அந்தக் குரலை என் போனில் பதிந்து, "இந்தாங்கப்பா, எப்ப வேணும்னாலும் கேட்டுக்கோங்க" என்று கொடுத்தேன். ஒரு தடவை கேட்டார். போனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது நீ போடுதது ஆனி. அங்க அவன் கூப்புடுதான்."

அம்மா அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். குரல் வந்தால் எழுந்து குழாயடிக்குப் போய்விடுவாள். அவள் வழி வேறு. மாதாமாதம் கோயிலில் சுஜின் பெயருக்குப் பூசை வைக்கக் கொடுப்பாள். சாமியார் பீடத்தில் நின்று அந்த மாதத்துப் பெயர்களை வாசிக்கும்போது, தம்பி பெயர் வரும் வரைக்கும் தலையைக் குனிந்தபடி இருப்பாள். வந்ததும் நிமிர்ந்துவிடுவாள். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எனக்குத்தான் ஒரு வழியும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அபுதாஹிர் கடுகடுத்த முகத்தோடு ஏணி ஏறி வந்தான்.

"மாமா, பாத்தீங்களா? மேளா டவுன்ல இனிமே கடைக்கெல்லாம் மாசாமாசம் சப்ஸ்கிரிப்ஷனாம். ஒண்ணாந்தேதிக்குள்ள கட்டலன்னா கடைய எடுத்துருவாங்களாம்."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எம்புட்டு கேக்கான்?"

"எவ்ளவா இருந்தா என்ன மாமா? யாரும் கட்டப் போறதில்ல. ஹர்தால். எல்லாக் கடைக்காரனும் சேந்து முடிவு பண்ணிட்டோம். ஒருத்தனும் கட்டலன்னா கம்பெனிவாலா என்ன பண்ணுவான்? ஊரையே காலி பண்ணுவானா?"

"அவனுக்கும் கரண்டு, ஆளு சம்பளம்னு செலவு இருக்கும்லாடே. இவ்வளவு நாளும் சும்மாதான விட்டான்."

"அரே மாமா, அங்க என்ன இருந்திச்சு? வெறும் மணலு. கடை போட்டது நாம, கூட்டத்த இழுத்தது நாம. துட்டு வேணும்னா மொதல்லயே கேட்டிருக்கணும். விருந்துன்னு கூப்புட்டு உக்கார வெச்சிட்டு, பாதிச் சாப்பாட்டுல வந்து இலைக்குத் துட்டு குடுன்னா குடுப்பீங்களா?"

"புள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்னா குடுத்துருவேன்" என்றார் அப்பா.

அபுதாஹிர் என்னைப் பார்த்தான். எனக்கு அவன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. சுஜின் உயிரோடு இருக்கும்வரை அவனைச் சும்மா வா வா என்று கூப்பிட்டுவிட்டு, அவன் செத்த பிறகு அவன் அப்பனிடம் வாடகை கேட்கிற கம்பெனியை என்ன செய்தால் தகும்? எரிச்சலாக இருந்தது.

"கட்டக் கூடாதுப்பா" என்றேன். "என் போன்ல இருந்து நான் கட்டமாட்டேன். இன்னைக்குக் கடைக்கும்பான், நாளைக்குக் குரலுக்குத் தனியா கேப்பான். இதுக்கு முடிவே கெடையாது."

"எடுத்துட்டான்னா?"

"எடுக்க மாட்டான் மாமா, பக்கா" என்றான் அபுதாஹிர். "நாங்கல்லாம் இருக்கோம்ல."

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "உயிரோட இருக்கவங்க கட்டுங்க, கட்டாம இருங்க. செத்தவனுக்கு எதுக்குக் கடை? பூசைக்குக் குடுக்கோம்லா, அது போதும்."

"பூசையில அவன் பேர நாம கேக்கோம்" என்றார் அப்பா. "இங்க அவன் நம்மளக் கூப்புடுதான். ரெண்டும் ஒண்ணா?"

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் கல்லறை விஷயம் வந்தது. பம்பாயில் எங்களைப் போன்றவர்களுக்குக் கல்லறையும் வாடகை வீடு மாதிரிதான். புதைத்து இரண்டு வருடம் போல ஆனதும் காலி செய்ய வேண்டும், பின்னால் ஆள் வரிசையாகக் காத்திருக்கிறது. எலும்பை எடுத்துப் பெட்டியில் போட்டு, கல்லறைச் சுவரில் இருக்கிற சின்ன மாடத்தில் வைத்து, மேலே பெயர்ப்பலகை பதிப்பார்கள். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் இதைக் கேட்டால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். இங்கே பிறந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

கல்லறை ஆபீசில் இருந்தவர் நல்ல மனிதர், மங்களூர்க்காரர். அப்பாவை உட்காரச் சொல்லி, இந்தியில் பொறுமையாகக் கேட்டார். பழையதை எடுத்துவிட்டு அதே பெயரில் புது இடம் போட்டுவிடலாமா, சம்மதமா என்று. அப்பா சம்மதம் என்றார். "நிகால் தோ சாப். நாம் ரஹே, பஸ்" என்றார். எடுத்துவிடுங்கள், பெயர் இருந்தால் போதும் என்று.

தோண்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். அம்மா வரவில்லை. அந்தப் பெட்டி நான் வேலைக்குக் கொண்டுபோகும் பையைவிடக் கொஞ்சம் பெரியது. மாடத்துக்குள் வைத்தார்கள், பலகையைப் பதித்தார்கள், சாமியார் தீர்த்தம் தெளித்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலைக்கு லேட்டாகிறது என்று மட்டும் தோன்றியது. அதற்காக இப்போது வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சயன் சர்க்கிள் தாண்டிய பிறகு பேசினார்.

"இனி அங்க போனா சுவத்தப் பாத்துட்டுத்தான் நிக்கணும், என்னட்டி?"

"ஆமாப்பா."

"அப்ப அவன்கிட்டப் போயி நிக்கதுக்கு அந்தக் கடை ஒண்ணுதான் இருக்கு."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் வீட்டுக்கும் நான் வேலைக்குமாகப் பிரிந்து போனோம்.

அந்த மாதக் கடைசி வரைக்கும் அப்பா சந்தாவைப் பற்றிப் பேசவே இல்லை. அபுதாஹிர் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன். அவர் பாட்டுக்குத் தினமும் கடைக்குப் போய்வந்தார். "எய்யா, வாங்க" என்ற குரல் தினமும் வந்தது, அம்மா தினமும் குழாயடிக்குப் போனாள். அபுதாஹிரும் அவன் கூட்டாளிகளும் எந்நேரமும் போனும் கையுமாக இருந்தார்கள். யார் யார் கட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள், எந்த ஊர்க்காரன் பின்வாங்கிவிட்டான் என்று அபுதாஹிர் வந்து வந்து சொல்லிவிட்டுப் போனான். எலெக்‌ஷன் வேலைகூட அவ்வளவு மும்முரமாக நடக்காது.

ஒன்றாம் தேதி சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், பின்னாலேயே அபுதாஹிர் ஓடிவந்தான். கையில் மிட்டாய் டப்பா.

"அக்கா, ஜெயிச்சிட்டோம்! கம்பெனிவாலா எறங்கி வந்துட்டான். சப்ஸ்கிரிப்ஷன் கேன்சல். கட்டாத கடையெல்லாம் இருந்தது இருந்த மாதிரியே இருக்குமாம். இப்பதான் சொன்னாங்க. மாமா எங்க?"

அப்பா அப்போதுதான் கைகால் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அபுதாஹிர் ஒரு பேடாவை எடுத்து அவர் வாயிலேயே வைத்தான். அப்பா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் அசட்டுச் சிரிப்பு.

"நான் கட்டிட்டேம்லடே" என்றார்.

"என்னது?"

"ரீசார்ஜ் கடை மாரிசெல்விகிட்டக் குடுத்துக் கட்டிட்டேன். ஒரு வருசத்துக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்களுக்கு அறிவிருக்காப்பா? அத்தன பேரு கட்டாம நிக்காங்க, நீங்க மட்டும் திருட்டுத்தனமாப் போயிக் கட்டிட்டு வந்திருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேண்டாம்ப."

"விடுங்கக்கா" என்றான் அபுதாஹிர். அன்றைக்கு அவனுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. "கட்டுனவங்களுக்கெல்லாம் திருப்பித் தர்றானாம். மாமா, கடையத் தொறங்க, பாப்போம்."

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனைத் திறந்தார். நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். சந்தையில் ஒரே கொண்டாட்டம், பொம்மைகள் எல்லாம் குதித்துக்கொண்டிருந்தன. சிவப்புத் தொப்பி அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் குடைக்கடை இருந்த இடத்தில் நின்றது.

அங்கே ஒரு கடை இருந்தது. பளபளவென்று புதுக் கடை. பலகையில் சுஜின் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. உள்ளே குடை இல்லை, எதுவும் இல்லை. குரலும் வரவில்லை.

அப்பா ஒரு எட்டுப் பின்னால் போய் முன்னால் வந்தார். மறுபடியும் அப்படியே செய்தார்.

"சத்தம் கொறஞ்சிருக்கா பாருடே" என்றார்.

அபுதாஹிர் போனை வாங்கிப் பார்த்தான். விரலால் எதை எதையோ தள்ளினான். அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. "மாமா, இது அவன் கடை இல்ல. அவன் கடைய எடுத்துட்டு அதே எடத்துல புதுசு போட்டிருக்கு. யாரு இத அமுக்கினது?"

"மாரிசெல்விதான். வீட்டுல கெடந்த சுஜின் போனக் கொண்டுபோயிக் குடுத்தேன். சுஜின் பேருக்கு ஒரு வருசத்துக்குக் கட்டணும்னேன். என்னமோ நம்பர் வரும், அதச் சொல்லுங்கன்னுச்சு. அது இல்லாமப் பழைய கடைக்குத் துட்டு போகாதாம். அவன் நம்பர்தான் எப்பவோ கட்டாயிட்டே. அப்ப அந்தப் புள்ள கேட்டுச்சு, பழச எடுத்துட்டு அதே பேர்ல புது எடம் போட்டுரலாமா மாமா, ஒண்ணாந்தேதி மாறிடும்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்." அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படித்தான செய்வாவ? கல்லறையிலயும் அப்படித்தான கேட்டாவ?"

அபுதாஹிர் டப்பாவை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை, அதை அமுக்கிக்கொண்டே இருந்தான். எனக்கு மாரிசெல்வி மேல் பாய வேண்டும் போல் இருந்தது. பாய்ந்து என்ன பிரயோஜனம்? அவள் கேட்டுவிட்டுத்தான் செய்தாள். சந்தையில் கட்டாதவன் கடையெல்லாம் அப்படியே நின்றது. கட்டிய எங்கள் கடை மட்டும்தான் போயிற்று. அப்பா கட்டாமல் சும்மா இருந்திருந்தால் சுஜின் அந்நேரம் அவரைக் கூப்பிட்டிருப்பான். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

அபுதாஹிர் அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்கு எழுதினான். போட்டோ, சாவுச் சான்றிதழ், எல்லாம் அனுப்பினான். அடுத்த வாரம் பதில் வந்தது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், உரிமையாளர் சம்மதத்தோடு நீக்கிய கடையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, கட்டிய பணம் திருப்பி அனுப்பப்பட்டது. பணம் உடனே வந்து சேர்ந்துவிட்டது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பதில் வந்த சாயங்காலம் அதை நான்தான் அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நான் பதிந்து வைத்திருந்த குரலைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து மேளா டவுனைத் திறந்தார். சத்தம் எதுவும் வராததால் அம்மா எழுந்து போகவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அந்தப் போனைப் பார்த்ததில்லை.

"எங்கன இருந்துச்சு அவன் கடை?" என்று கேட்டாள். "காட்டுங்க."

அப்பா தொப்பிக்காரனை நடத்திக் கூட்டிப்போனார். இது பட்டம் விக்கிறவன் கடை, இது அபுதாஹிர் கடை, இங்கன திரும்பணும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். இடம் வந்ததும் நிறுத்தினார். அம்மா போனைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். முன்னால் கடல் தெரிந்தது. ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

"நல்ல எடமாத்தான் புடிச்சிருக்கான்" என்றாள்.

அப்பா போனை அவள் கையில் கொடுத்துவிட்டார். "எடுத்துருன்னு நான்தான் சொன்னேன், இருதயம்" என்றார்.

அது உண்மை. அம்மா போனைக் கீழே வைக்கவில்லை.